மினிட்டில் எண் ஏன் குதிக்கிறது?

அன்புள்ள டீச்சர்,

வணக்கம். மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டக் கோவிலில் இந்த ஆண்டு என்னைச் செயலாளராகப் போட்டிருக்கிறார்கள். ஆண்டுக் கூட்டத்தின் மினிட்டை (கூட்டக் குறிப்பை) வேர்டில் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். 1.0, 1.1 என்று எண் போடுவதுதான் எங்கள் வழக்கம். நடுவில் கணக்கு டேபிள் வந்துவிட்டால் அடுத்த எண் மறுபடியும் 1-இல் தொடங்குகிறது. 10.0 வந்ததும் எழுத்து மட்டும் உள்ளே தள்ளிப் போகிறது. முந்தைய செயலாளர் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தந்த ஃபைலில் a, b, c வர வேண்டிய இடத்தில் ய, டி, உ என்று நிற்கிறது. மண்டபத்தில் ஸ்லைடு போட்டால் பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியவில்லை. பிடிஎஃபிலிருந்து வாட்ஸ்அப் குழுவுக்கு எடுத்துப் போட்டால் புள்ளியெல்லாம் கட்டமாகிவிடுகிறது. எதற்கு எண், எதற்குப் புள்ளி என்பதில் குழுவிலேயே ஆளுக்கொரு பேச்சு. கொஞ்சம் விளக்குங்களேன்.

கோவில் செயலாளர்,
சுங்கை சிப்புட்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது தெளிந்தால் பாதி வேலை குறையும்.

ஒரு வரியைப் பிற்பாடு யாராவது எண் சொல்லிக் குறிப்பிடுவார்களா, அல்லது வேலைகளை அந்த வரிசையில்தான் செய்தாக வேண்டுமா? இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றால் எண் போடுங்கள். இரண்டும் இல்லையென்றால் புள்ளி போதும். மினிட்டில் உள்ள எண், லயத்து வீட்டு எண் மாதிரி; அதை வைத்துத்தான் ஆள் தேடி வருவார். அடுத்த கூட்டத்தில் ‘பெர்காரா பெர்பங்கிட்’ (சென்ற மினிட்டிலிருந்து எழும் விஷயங்கள்) பகுதி வரும்போது "மினிட் 4.2 என்ன ஆயிற்று?" என்றுதான் கேட்பார்கள். அதனால் தீர்மானங்களுக்கும் விவாதப் பொருள்களுக்கும் கட்டாயம் எண் வேண்டும். நன்கொடைப் பட்டியலுக்கு எண்ணும் வேண்டாம், புள்ளியும் வேண்டாம். பெயர் ஒரு பக்கம், ரிங்கிட் ஒரு பக்கம் என்று வருவது டேபிளுக்கு உரியது. தொகை நெடுவரிசையை வலப்பக்கம் ஒட்டி வையுங்கள், கூட்டிப் பார்ப்பவருக்கு எளிது.

தமிழில் பட்டியல் எழுதும்போது வாக்கியத்தையும் கவனிக்க வேண்டும். நம் மொழியில் வினை கடைசியில் வருகிறது. "கூட்டம்" என்று தொடங்கி, நடுவில் ஐந்து வரிப் பட்டியல் போட்டு, அதற்கும் கீழே "செய்ய முடிவெடுத்தது" என்று முடித்தால், வாசிப்பவர் ஐந்து வரியையும் மனத்தில் சுமந்துகொண்டு வினைக்குக் காத்திருக்க வேண்டும். மலாய் மாதிரியைப் பார்த்துத் தமிழ் மினிட் எழுதும்போது இது அடிக்கடி நடக்கிறது. முதல் வரியிலேயே வினையோடு வாக்கியத்தை முடித்துவிடுங்கள்:

4.2 திருவிழாவுக்குப் பின்வரும் வேலைகளைச் செய்யக் கூட்டம் முடிவெடுத்தது:
(i) கூடாரம் வாடகைக்கு எடுத்தல்
(ii) காவல் நிலையத்துக்கு அனுமதிக் கடிதம் எழுதுதல்
(iii) அன்னதானச் சமையலுக்கு ஆள் பேசுதல்
நடவடிக்கை: செயலாளர்

மூன்று வரியும் ஒரே மாதிரி முடிகின்றன. ஒன்று "எடுத்தல்", இன்னொன்று "எழுத வேண்டும்", மற்றொன்று வெறும் "சமையல்" என்றிருந்தால் எது முடிவு, எது யோசனை என்றே பிறகு தெரியாது. கடைசி வரிக்கு முன்னால் "மற்றும்" போட வேண்டாம். வரி மாறியதே போதும்.

இனி வேர்டுக்கு வருவோம். வேர்டைப் பொறுத்தவரை எண் என்பது பத்தியோடு சேர்ந்த ஒரு குணம். நீங்கள் தட்டிய எழுத்தாக அதை வேர்டு நினைப்பதில்லை. ஒவ்வொரு எண்ணும் ஏதோ ஒரு பட்டியலைச் சேர்ந்தது. டேபிளுக்குப் பிறகு எண் பொத்தானைப் புதிதாக அழுத்தும்போது பல நேரம் வேர்டு புதுப் பட்டியல் ஒன்றைத் தொடங்கிவிடுகிறது. 1 வருவது அதனால்தான். அவசரத்துக்கு, அந்த எண்ணின் மேல் வலது கிளிக் செய்து ‘கன்டினியூ நம்பரிங்’ கொடுங்கள். ஆனால் இருபது இடத்தில் இப்படி ஒட்டுப் போட்ட ஃபைல், நடுவில் ஒரு பத்தியை வெட்டினாலும் மறுபடி குழம்பும். எண்ணைக் கையால் தட்டிச் சமாளிப்பது அதைவிட மோசம். ஒரு பொருளை இடையில் சேர்த்தால் கீழே உள்ள அத்தனையையும் திருத்த வேண்டும்.

நிலையான வழி, ஃபைல் முழுவதற்கும் ஒரே பட்டியல். ஹோம் தாவலில் ‘மல்டிலெவல் லிஸ்ட்’ பொத்தானைத் திறந்து ‘டிஃபைன் நியூ மல்டிலெவல் லிஸ்ட்’ எடுங்கள். கீழே இடது மூலையில் ‘மோர்’ இருக்கும், அதை அழுத்தினால்தான் தேவையானது எல்லாம் தெரியும். நிலை 1-இல், எண் பெட்டிக்குள் சாம்பல் நிறத்தில் இருக்கும் 1-ஐத் தொடாமல், அதற்குப் பின்னால் .0 மட்டும் தட்டுங்கள். ‘லிங்க் லெவல் டு ஸ்டைல்’ என்ற இடத்தில் ஹெடிங் 1 தேர்ந்தெடுங்கள் (ஸ்டைல் என்பது பெயர் வைத்துச் சேமித்த பத்தி வடிவம்). நிலை 2-க்கு 1.1 என்ற வடிவம், ஸ்டைல் லிஸ்ட் நம்பர் 2. நிலை 3-இல் முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் மேல்நிலை எண்களை அழித்துவிட்டு, எண் வகையை i, ii, iii ஆக மாற்றி அடைப்புக்குறி போடுங்கள்; ஸ்டைல் லிஸ்ட் நம்பர் 3. அதன்பிறகு எண் பொத்தானைத் தொடவே வேண்டாம். ஸ்டைலை மட்டும் கொடுங்கள். நடுவில் எத்தனை டேபிள் வந்தாலும் எண் தொடரும்.

அ, ஆ, இ என்று தானாக ஏறும் எண் வகை வேர்டில் கிடையாது. கையால் போட்டால் மேலே சொன்ன தொல்லை எல்லாம் வரும். உள்நிலைக்கு ரோமன் எண்ணே நல்லது என்பது என் கருத்து.

10.0 தள்ளிப் போவது இட நெருக்கடி. வேர்டின் வழக்கமான அளவில் எண் 0.63 செ.மீ.-இலும் எழுத்து 1.27 செ.மீ.-இலும் தொடங்கும். இடையில் 18 பாயிண்ட் அகலம்தான் உண்டு. 12 பாயிண்ட் எழுத்தில் 9.0 அதற்குள் அடங்கும், 10.0 அடங்காது. அடங்காதபோது எழுத்து அடுத்த டேப் நிறுத்தமான (டேப் விசை கொண்டுபோய் நிறுத்தும் இடமான) 2.54 செ.மீ.-க்குத் தாவுகிறது, இரண்டாம் வரி மட்டும் 1.27-இலேயே நிற்கிறது. அதே மல்டிலெவல் பெட்டியில் நிலை 1, 2 இரண்டுக்கும் எண்ணின் இடம் 0, எழுத்தின் இடம் 1.27 என்று வையுங்கள், 10.12 வரை தாங்கும். நிலை 3-க்கு 1.27, 2.54. ஸ்பேஸ் பாரை அழுத்திச் சரிசெய்ய முயல வேண்டாம்.

ஒரே எண்ணுக்குள் புது வரி வேண்டுமென்றால் ஷிஃப்ட்டோடு என்டர். ஒரு எண் மட்டும் காரணமில்லாமல் தடித்தோ சிவந்தோ நின்றால், கன்ட்ரோல்+ஷிஃப்ட்+8 அழுத்துங்கள். பத்தி முடிவுக்குறி தெரியும். எண் அந்தக் குறியின் வடிவத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது; குறியைத் தேர்ந்தெடுத்துச் சாதாரணமாக்கினால் எண்ணும் சரியாகிவிடும். மினிட்டை இரு பக்கமும் சமமாக இழுக்கும் ‘ஜஸ்டிஃபை’ வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, பட்டியலின் குறுகிய வரியில் ஓட்டை ஓட்டையாக இடைவெளி விழும்.

பாமினி விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். அந்த எழுத்துருவில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவம் உட்கார்ந்திருக்கிறது: a என்றால் ய, b என்றால் டி, c என்றால் உ. வேர்டு சரியாக a, b, c என்றுதான் எண்ணுகிறது, எழுத்துரு அதைத் தமிழாகக் காட்டுகிறது. i, ii என்று மாற்றினாலும் தப்ப முடியாது, ை வந்து நிற்கும். ‘டிஃபைன் நியூ நம்பர் ஃபார்மட்’ பெட்டியில் ‘ஃபான்ட்’ பொத்தானை அழுத்தி, எண்ணுக்கு மட்டும் ஏரியல் கொடுத்தால் தீரும். ஆனாலும் அந்தப் பழைய ஃபைலை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். பாமினி இல்லாத கணினியில் உங்கள் கோவிலின் பழைய முடிவுகளை யாராலும் வாசிக்க முடியாது, அது பெரிய இழப்பு.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் செயலாளருக்குத் தேவைப்படும். மாவட்ட அலுவலகத்துக்கு மலாயில் அரசாங்க முறைப்படி கடிதம் எழுதினால், முதல் பத்திக்கு எண் இல்லை. இரண்டாம் பத்தி 2 என்று தொடங்கும். அந்தப் பத்திக்கு எண் கொடுத்து, வலது கிளிக்கில் ‘செட் நம்பரிங் வேல்யூ’ போய் 2 கொடுங்கள். பிறகு ‘அட்ஜஸ்ட் லிஸ்ட் இன்டென்ட்ஸ்’ திறந்து எண்ணின் இடம் 0, எழுத்தின் இடம் 0, டேப் நிறுத்தம் 1.27. அப்போதுதான் இரண்டாம் வரி இடது ஓரத்துக்கே திரும்பும்.

ஸ்லைடில் எழுத்து சுருங்குவது பவர்பாயின்ட்டின் ‘ஆட்டோஃபிட்’ வேலை. வரி கூடக் கூட, பெட்டிக்குள் அடக்க அது எழுத்தைச் சிறிதாக்கிக்கொண்டே போகும். ‘ஃபார்மட் ஷேப்’ பகுதியில் ‘டூ நாட் ஆட்டோஃபிட்’ கொடுங்கள். எழுத்து 28 பாயிண்டுக்குக் கீழே போகாமல், கொள்ளாததை அடுத்த ஸ்லைடுக்குக் கொண்டு போங்கள். அங்கே எண் மறுபடி 1 ஆகும், ஏனென்றால் ஸ்லைடு தாண்டி எண் தொடராது. ‘புல்லட்ஸ் அண்ட் நம்பரிங்’ பெட்டியில் ‘ஸ்டார்ட் அட்’ எண்ணை நீங்களே கொடுக்க வேண்டும். இரண்டு எண்களுக்கு நடுவில் அதே நிலையில் எண்ணில்லாத வரி வந்தாலும் எண் முறியும், அங்கும் ஷிஃப்ட்+என்டர்தான். புள்ளியின் வடிவத்தை ஸ்லைடு ஸ்லைடாக மாற்றாமல், ‘ஸ்லைடு மாஸ்டர்’ போய் ஒரே தடவை மாற்றுங்கள்.

வாட்ஸ்அப்பில் கட்டம் வருவதற்குக் காரணம், வேர்டின் புள்ளி சிம்பல் என்ற எழுத்துருவின் தனிக்குறி என்பதே. பிடிஎஃபிலிருந்து நகலெடுத்தால் அந்தக் குறி அப்படியே வரும், கைப்பேசியில் அந்த எழுத்துரு இருக்காது. 2024 முதல் வாட்ஸ்அப்பிலேயே பட்டியல் வசதி உண்டு: வரியின் தொடக்கத்தில் 1. தட்டி ஸ்பேஸ் விட்டால் எண், - தட்டி ஸ்பேஸ் விட்டால் புள்ளி.

கடைசியாக ஒன்று. மினிட்டுக்குள்ளேயே "4.2-இன்படி" என்று எழுத வேண்டிய இடத்தில் அந்த எண்ணைக் கையால் தட்டாதீர்கள். ‘ரெஃபரன்சஸ்’ தாவலில் ‘கிராஸ் ரெஃபரன்ஸ்’ எடுத்து, ‘நம்பர்ட் ஐட்டம்’ வகையில் அந்தப் பத்தியைத் தேர்ந்தெடுங்கள். திருத்தங்கள் முடிந்ததும் கன்ட்ரோல்+ஏ, பிறகு எஃப்9 அழுத்தினால் எல்லாக் குறிப்புகளும் புது எண்ணுக்கு மாறும். கூட்டம் மினிட்டை உறுதிப்படுத்திய பிறகு பிடிஎஃபாகச் சேமித்துவிடுங்கள். அதற்குப் பிறகு ஒரு எண்ணும் மாறக் கூடாது.

அன்புடன்,
டீச்சர்