12 அங்குல சப்வூஃபருக்குப் போர்ட் பெட்டி எத்தனை லீற்றர்?

யாழ்ப்பாணத்தில் வாகன்ஆர் கார் ஓடும் நீங்கள், 12 அங்குல சப்வூஃபருக்கு (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) 60×40×36 சென்ரிமீற்றர் பெட்டி போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வெளியளவில் 86 லீற்றர்தான். ஆனால் 18 மில்லிமீற்றர் எம்.டி.எஃப். பலகையின் தடிப்பைக் கழித்தால் உள்ளே 66தான் மிஞ்சும். போர்ட்டும் (பெட்டியில் காற்று போய்வரும் குழாய்) ஸ்பீக்கரின் காந்தமும் இன்னும் பத்து லீற்றரளவு விழுங்கும். மிச்சம் 56. இந்த நிகர அளவைத்தான் ஸ்பீக்கரோடு வரும் தாளில் உள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும். 12 அங்குலத்துக்குப் பெரும்பாலும் 50 முதல் 70 வரை இருக்கும். சரி, பெரிதாக அடித்தால் பேஸ் கூடுமே என்பார் தச்சர். கூடும்தான், ஆனால் ஸ்பீக்கரின் அதிரும் கூம்பான கோனுக்குக் காற்றின் பிடி தளர்ந்து, போர்ட் ஒத்திசையும் அதிர்வெண்ணுக்குக் கீழே அது கட்டுப்பாடின்றித் துள்ளும். அப்புறம் ஸ்பீக்கரின் கம்பிச்சுருள் (காயில்) போய்விடும். பெட்டியளவை மாற்றினால் போர்ட்டின் நீளத்தையும் திரும்பக் கணக்கிடுங்கள். ஆம்ப்ளிஃபயரில் மிகத் தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டும் சப்சோனிக் ஃபில்டர் இருந்தால் மறக்காமல் போடுங்கள். டிக்கி கதவு மூடுமா என்பதையும் முதலே அளந்துவிடுங்கள்!