படகின் அடியில் வழுக்குவது எது?

கேள்வி: புதிய ஃபைபர் படகைக் கடலில் இறக்கிய மூன்றாம் நாளே அதன் அடிப்பகுதி வழுக்குகிறது. பாசி என்கிறார்கள், பச்சை நிறமோ தென்படவில்லை. கண்ணாடிபோல் இழைத்த பரப்பில் அது எப்படிப் பிடிக்கிறது? சுரண்டினாலும் திரும்ப வருகிறதே?
– வாசகர் ஒருவர், தூத்துக்குடி

பதில்: பாசி பிறகுதான் வருகிறது. உங்கள் விரலில் பட்டது பெரும்பாலும் பாக்டீரியாக்கள் தமக்கென்று கட்டிக்கொண்ட பசைக் குடியிருப்பு. இதை உயிரிப்படலம் என்பார்கள். ஒரு மில்லிலிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 10 லட்சம் பாக்டீரியாக்கள் இருப்பதால், குடியேறுவதற்கு ஆள் பஞ்சமே இல்லை.

ஆனால் அவை வந்து சேர்வது உங்கள் ஃபைபர் பரப்பின்மீது அன்று. படகு நீரைத் தொட்ட சில நிமிடங்களுக்குள்ளேயே, கடல்நீரில் கரைந்திருக்கும் புரதங்கள், சர்க்கரைச் சங்கிலிகள் முதலான கரிமப் பொருள்கள் பரப்பில் ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத பூச்சு ஒன்றை உண்டாக்கிவிடுகின்றன. எவ்வளவு வழவழப்பாக இழைத்தாலும் இந்தப் பூச்சைத் தடுக்க முடியாது. உணவு மிக நீர்த்துக் கிடக்கும் கடலில், பரப்பின்மேல் மட்டும் அது சேர்ந்து செறிவடைவதால் பாக்டீரியாக்களுக்கு அங்கே ஒட்டுவது இலாபம் என்பதை, அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தில் பணியாற்றிய கிளாட் சோபெல் 1943-இல் வெளியிட்ட ஆய்விலேயே எடுத்துக்காட்டினார்.

முதலில் வரும் பாக்டீரியா இலேசாகத்தான் ஒட்டுகிறது. அலை அடித்தால் போய்விடும். இடம் ஒத்துக்கொண்டால் சில மணி நேரத்தில் பசைப்பொருளைச் சுரந்து தன்னை இறுக்கிக்கொண்டு, அங்கேயே பிளந்து பெருகத் தொடங்குகிறது. ரோசியோபாக்டர், ஆல்டிரோமோனாஸ் போன்ற வகையினர் இந்த முன்னோடிக் குடிகளில் அடிக்கடி காணப்படுகின்றனர். பெரும்பகுதி நீராலான அந்தப் பசையே உணவைப் பிடித்து வைக்கும் களஞ்சியமாகவும், நச்சு உள்ளே எளிதில் புகாதபடி காக்கும் மதிலாகவும் இருக்கிறது. நீரில் தனியாக மிதக்கும் பாக்டீரியாவைக் கொல்லும் அளவு குளோரின், படலத்தின் மேலடுக்கிலேயே வினைபுரிந்து செலவாகிவிடக்கூடும். கல்பாக்கம் அணுமின் நிலையத்தைப் போலக் கடல்நீரால் குளிர்விக்கப்படும் ஆலைகளில் இது வெறும் பாடநூல் செய்தி அன்று: வெப்பமாற்றிக் குழாயில் மெல்லிய படலம் படிந்தாலே வெப்பம் கடப்பது குறைகிறது.

சுரண்டும்போது கண்ணுக்குத் தெரியும் சளி போகிறது. கீறல்களிலும் துளைகளிலும் எஞ்சிய செல்களும் பசையும் அடுத்த குடியேற்றத்துக்கு வித்தாகின்றன. முரட்டுத் தகட்டால் சுரண்டுகிறவர் புதிய கீறல்களையும் சேர்த்தே போட்டுவிடுகிறார் என்பது என் கருத்து. வாரந்தோறும் மென்மையாகத் துடைப்பது மேல்.

கேள்வி: அப்படியானால் கொட்டலசு (பாறையிலும் படகிலும் ஒட்டிக்கொள்ளும், கெட்டி ஓடுடைய சிறு கடலுயிரி) ஒட்டுவதும் இந்தச் சளியால்தானா?
– அதே வாசகர்

பதில்: ஓரளவுக்கு மட்டுமே. ஹைட்ராய்டஸ் எலிகன்ஸ் என்னும் குழாய்ப்புழுவின் இளவுயிரி, சில பாக்டீரியாக்களின் படலத்தை உணர்ந்த பின்பே குடியேறி உருமாறுகிறது. கொட்டலசின் இளவுயிரியோ படலம் இல்லாத பரப்பிலும் ஒட்டும்; படலத்திலுள்ள இனங்களைப் பொறுத்து அது ஈர்க்கப்படுவதும் உண்டு, விலகிப்போவதும் உண்டு. ஆகவே சளியைத் துடைத்துவிட்டால் கொட்டலசு வராது என்று நம்பிப் படகை நீரிலேயே விட்டுவைக்க வேண்டாம்.