வேலியோரச் சுண்டங்கத்தரி மருந்துக்கு ஆகுமா?

கேள்வி: வேலியோரம் தானாக முளைத்த சுண்டங்கத்தரி ஆளுயரம் நிற்கிறது. சளிக்கும் வயிற்றுப் பூச்சிக்கும் நல்லதென்று அம்மம்மா சொல்கிறா. 3 வயது மகனுக்கு இலைச்சாறு பருக்கலாமா? ஆடும் கடிக்கிறது. வாடிச் சாகும் கத்தரியை இதில் ஒட்டலாமாம், உண்மையா? (செங்கலடி)

பதில்: தம்பி, முதலில் செடி அதுதானா என்று பாருங்கள். வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள் மகரந்தம், கொத்துக் கொத்தாய்ப் பட்டாணி அளவில் வழுவழுப்பான காய் என்றால் சுண்டங்கத்தரிதான். ஊதாப் பூவும் இலையெல்லாம் முள்ளுமாய் நிலத்தோடு படர்ந்தால் கண்டங்கத்தரி. பெரிய குழல்பூவும் முள்ளுக்காயும் என்றால் ஊமத்தை; அதைத் தின்ற பிள்ளைக்கு வாய் வறளும், கண்மணி விரியும், காய்ச்சலோடு பிதற்றும். வீட்டு வைத்தியம் பார்த்து நிற்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள்.

பச்சைக்காயைக் கீறி, உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் குழம்பாகவோ மோரில் போட்டு வற்றலாகவோ சாப்பிடலாம். அம்மம்மா சொல்வதும் இந்தச் சாப்பாட்டைத்தான் என்று நினைக்கிறேன். இலைச்சாறு வேறு கதை. கத்தரி இனத்துக்கே உரிய கசப்பு அல்கலோயிட்டுகள் (செடியில் உள்ள நச்சுப் பொருள்கள்) இதிலும் உண்டு, கொதிக்க வைத்தாலும் அழியாது. எவ்வளவு இறங்கியது என்று சாற்றைப் பார்த்துச் சொல்ல முடியாது. 3 வயதுப் பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம். பூச்சிக்குக் கிளினிக்கில் மெபென்டசோல் தருவார்கள். இழுப்போடு சளி என்றால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஆடு ஒரு கடி கடித்தால் பயமில்லை. தீவனத்துக்காகக் கட்டுக்கட்டாய் வெட்டிப் போடாதீர்கள். பப்புவா நியூகினியாவில் மாடுகளின் உடம்பில் சுண்ணாம்பு படியும் நோயை இந்தச் செடியோடு தொடர்புபடுத்தியிருக்கிறார்கள்.

ஒட்டுவது (சுண்டங்கத்தரி நாற்றின் அடித்தண்டில் கத்தரி நாற்றின் நுனியைப் பொருத்தி வளர்ப்பது) உண்மைதான், எனக்குப் பிடித்த உபயோகமும் அதுதான். பக்றீரியாவால் வரும் வாடலையும், நுண்புழுக்களால் வேரில் முடிச்சு விழும் வேர்முடிச்சு நோயையும் இதன் வேர் நன்றாகத் தாங்கும். வாடிய கத்தரித் தண்டை வெட்டித் தெளிந்த தண்ணீரில் தொங்கவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் பால்போல் நூலாக இறங்கினால் பக்றீரியாதான். சுண்டங்கத்தரி விதை சுணங்கித்தான் முளைக்கும், அதனால் கத்தரிக்கு முன்னாலேயே நாற்றுமேடையில் போடுங்கள். நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலே நிற்கட்டும். கீழே சுண்டங்கத்தரித் தளிர் வரும். வரவரக் கிள்ளிவிடுங்கள், விட்டால் கத்தரியை அமுக்கிவிடும். முதல் ஒட்டை உங்கள் விவசாயப் போதனாசிரியர் கண்முன் செய்து பாருங்கள்.