ஜனவரிக்குள் வந்தாக வேண்டுமா? மஞ்சக்குப்பம் வாசகர்களின் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாதம் ஒரு நாவல் எடுத்துப் படிக்கும் வாசகர் வட்டம், இந்த முறை என் இரண்டாவது நாவலை எடுத்திருந்தது. முதுநகர்த் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்துக் கருவாடு போடும் ஒரு பெண்ணின் கதை. கதையைப் பேசி முடித்த பிறகு, எழுதுவது பற்றியும் புத்தகம் போடுவது பற்றியும் நிறையக் கேட்டார்கள். அந்தக் கேள்விகளும் என் பதில்களும் இவை. அன்று நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்திருக்கிறேன்.

கல்லூரி மாணவர்: மேடம், என் நாவல் முக்கால்வாசி முடிந்துவிட்டது. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குக் கொண்டுவந்துவிட முடியுமா?

முடியும் தம்பி. ஆனால் வேண்டாம். எல்லோரும் ஜனவரியைக் குறிவைத்துத்தான் ஓடுகிறார்கள். டிசம்பரில் பதிப்பாளர் மேசையில் கட்டுக்கட்டாகப் பிரதிகள் குவிந்து கிடக்கும். உங்கள் நாவலை உட்கார்ந்து படித்து, "இந்த அத்தியாயம் இங்கே எதற்கு?" என்று கேட்க அப்போது யாருக்கும் பொழுதிருக்காது.

என் முதல் நாவல் அப்படித்தான் வந்தது. மெய்ப்புப் பார்க்க, அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்த, ஒரே ஓர் இரவு கொடுத்தார்கள். நானும் சரி என்று வாங்கிக்கொண்டேன். கடைசி அத்தியாயத்தில் ஒரு பத்தி விடுபட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. மகள் ஏன் திரும்பி வரவில்லை என்பது அந்தப் பத்தியில்தான் இருந்தது. ஒரு வாசகர் தொலைபேசியில் அழைத்து, "அந்தப் பெண்ணுக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. அன்று அழுதேன்.

இரண்டாவது நாவலை எழுதி முடித்ததும் மூன்று மாதம் பீரோவில் வைத்துவிட்டேன். அப்புறம் தாளில் அச்செடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டுப் படித்தேன். எங்கே மூச்சு முட்டியதோ அந்த வாக்கியத்தைத் திருத்தினேன். படிக்கிற எனக்கே எங்கே கொட்டாவி வந்ததோ அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டேன். அப்படி 60 பக்கம் போனது.

பண்ருட்டிப் பக்கத்து ஆசிரியை: தானே புயலைப் பற்றி எழுத வேண்டும் என்று பல வருடமாக ஆசை. எங்கள் முந்திரித் தோப்பு மொத்தமும் போனது. காற்றடித்த அந்த இரவை எழுத ஆரம்பித்தாலே மேலே போக முடியவில்லை.

அந்த இரவை எழுதாதீர்கள் டீச்சர். குறைந்தது அதில் தொடங்காதீர்கள். 2011 டிசம்பர் 30 காலையில் புயல் கரையைக் கடந்துவிட்டது. அதற்குப் பிறகு என்ன நடந்தது? வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. வாடகை ஜெனரேட்டர் வந்தால் தண்ணீர்த் தொட்டியை நிரப்பவும் செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றவும் ஊரே வரிசையில் நின்றது. விழுந்த மரத்தை விறகு விலைக்குக் கேட்டு ஆள் வந்தான். ஒட்டு முந்திரி வைத்தாலும் காய்ப்புக்கு வர மூன்று வருடமாவது ஆகும். அந்த மூன்று வருடம் உங்கள் அப்பா தினமும் காலையில் எழுந்து எங்கே போனார்? தோப்புக்குப் போகிற கால் வேறு எந்தப் பக்கம் திரும்பியது? நாவல் அங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன். காற்றின் சத்தம் தானாக நடுவில் வந்து சேரும்.

மீனவர் குடும்பத்து இளைஞர்: அக்கா, எங்கள் பேச்சை அப்படியே எழுதலாமா?

உரையாடலில் தாராளமாக எழுதலாம். ஆனால் "வந்துக்கினு" மாதிரி ஒவ்வொரு சொல்லையும் ஒலிக்கிறபடியே எழுதினால், வெளியூர் வாசகர் எழுத்துக் கூட்டத் தொடங்கிவிடுவார். வாக்கியத்துக்கு ஒரு சொல் போதும். அதைவிட உங்கள் ஆட்களின் அறிவை எழுதுங்கள். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குக் காற்று பெயர் வைத்திருக்கிறவர், "பலத்த காற்று வீசுகிறது" என்று பேச மாட்டார்.

புதுச்சேரியிலிருந்து வந்த நண்பர்: சரித்திர நாவல் எழுத எவ்வளவு ஆராய்ச்சி வேண்டும்?

நிறையப் படியுங்கள், அதில் கொஞ்சத்தை மட்டும் எழுதுங்கள். உங்கள் ஊரிலேயே ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இருக்கிறது. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேவின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர், 1736இல் தொடங்கிக் கால் நூற்றாண்டு எழுதியிருக்கிறார். போர்ச் செய்திகளைவிட, யார் யாருக்கு என்ன வெகுமதி கொடுத்தார்கள், யாரைக் காக்க வைத்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கடலூரிலும் ஒன்று உண்டு. 1690இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கம்பெனி மராத்தியரிடம் விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டால் குண்டு போய் விழுகிற தூரம் வரை உள்ள நிலமும் சேர்த்தி என்பது பேரம். அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயரே நின்றுவிட்டது. வாங்கியவர், விற்றவர், விலை எல்லாம் சரித்திரப் புத்தகத்தில் இருக்கும். களை பறித்துக்கொண்டிருந்தவள் பக்கத்தில் குண்டு வந்து விழுந்ததே, அவள் சாயங்காலம் வீட்டில் போய் என்ன சொன்னாள்? அதற்கு நாவலாசிரியர்தான் வேண்டும்.

ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்: பதிப்பாளரிடம் எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

எழுத்தில் ஒப்பந்தம் கேளுங்கள் சார். வெட்கப்படவே கூடாது. பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி, எழுதிக் கையெழுத்துப் போடாமல் உரிமை கைமாறாது. எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றுதான் பொருள். எந்த நாட்டுக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். உரிமை உங்கள் ஆயுளுக்கும், அதற்குப் பிறகு 60 ஆண்டுக்கும் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் வரை போகிற சொத்து அது. அதனால் மொழிபெயர்ப்பு, சினிமா, ஒலிநூல், மின்னூல் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பேசுங்கள். "அனைத்து உரிமைகளும்" என்ற வரியைப் பார்த்தால் பேனாவைக் கீழே வையுங்கள்.

ராயல்டி, அதாவது விற்ற பிரதிகளுக்கு எழுதியவருக்கு வரும் பங்கு, பெரும்பாலும் விலையில் 10 சதவீதம். 250 ரூபாய்ப் புத்தகம் 500 பிரதி விற்றால் உங்களுக்கு 12,500 ரூபாய். இதை நம்பி வேலையை விட வேண்டாம். ஆனால் அந்தத் தொகையைக் கணக்கோடு கேட்டு வாங்குங்கள்.

இல்லத்தரசி ஒருவர்: ஐஎஸ்பிஎன் எண்ணுக்குத் தனியாகப் பணம் கேட்கிறார்களே?

அது புத்தகத்தின் அடையாள எண். இந்தியாவில் அரசு அதை இலவசமாகவே கொடுக்கிறதும்மா. நீங்களே இணையத்தில் விண்ணப்பிக்கலாம்.

அதே அம்மா: அப்போ நானே பணம் போட்டுப் புத்தகம் போட்டால் தப்பா?

தப்பே இல்லை. தேவைக்கேற்ப அச்சிடும் வசதி வந்த பிறகு, 50 பிரதி போட்டும் தொடங்கலாம். கட்டில் அடியில் ஆயிரம் பிரதி அடுக்க வேண்டியதில்லை. மிச்சமாகும் பணத்தில் ஒரு நல்ல மெய்ப்புத் திருத்துநருக்குக் கூலி கொடுங்கள். அட்டைப் படத்தைவிட அது முக்கியம்.

மறுபடியும் அந்த மாணவர்: அப்போ என் நாவல் எப்போதுதான் வரலாம் மேடம்?

டிசம்பரில் எழுதி முடியுங்கள். மார்ச் முடியும் வரை தொடாதீர்கள். ஏப்ரலில் வாய்விட்டுப் படித்துத் திருத்தியதும் தாளில் ஒரு பிரதி எடுத்து எனக்குக் கொடுங்கள், ஓரம் நிறைய இடம் விட்டு. பென்சிலோடு உட்கார்ந்து படித்துத் தருகிறேன். நாம் இருவரும் பேசி முடித்த பிறகு பதிப்பாளரிடம் போகலாம்.

தலையாட்டினார். கிளம்பும்போது, "கடைசி அத்தியாயத்தை மட்டும் இப்பவே படிக்கிறீங்களா?" என்று பையிலிருந்து எடுத்தார். வாங்கவில்லை. ஏப்ரலில் முழுதாகக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.