மாட்டுக்குச் சிப் போட்டால் திருட்டு நிற்குமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் வெருலம் பக்கம் கரும்போடு 9 மாடும் 14 வெள்ளாடும் வைத்திருக்கிறேன் ஐயா. போன மாதம் இரவில் வேலியை வெட்டி ஒரு சினைக் கிடாரியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். தோலுக்கு அடியில் சிப் வைத்துவிட்டால் மாடு எங்கே நிற்கிறது என்று போனிலேயே பார்க்கலாம் என்கிறார் ஒருவர். எல்லாவற்றுக்கும் போட்டுவிடலாமா? வீட்டு நாய்க்கும் வேண்டுமா?

பதில்: தம்பி, சினைக் கிடாரி போனது என்று படித்ததும் வயிறு எரிந்தது. ஆனாலும் அந்த ஆளிடம் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

அந்தச் சிப்பில் பேட்டரியே கிடையாது. அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடிக் குழாய், 12 மில்லிமீட்டர் இருக்கும், உள்ளே ஒரு கம்பிச் சுருள். ரீடரை, அதாவது சிப்பைப் படிக்கும் கருவியை, கிட்டே கொண்டுபோனால் அதன் 134.2 கிலோஹெர்ட்ஸ் அலையிலிருந்தே சக்தியை வாங்கிக்கொண்டு தன்னுடைய 15 இலக்க எண்ணைச் சொல்லும், அவ்வளவுதான். அதுவும் சில அங்குல தூரத்துக்குள். லாரியில் ஏற்றிவிட்ட மாட்டைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. இடம் காட்டுவது ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை, அது வேறு சாமான்.

இந்த நாட்டில் மாடு உங்களுடையது என்று காட்டுவது 2002ஆம் ஆண்டு விலங்கு அடையாளச் சட்டப்படி உங்கள் பெயரில் பதிவான குறிதான். 3 எழுத்துக்கு மேல் போகாது. மாட்டுக்குச் சூடு போடலாம் அல்லது பச்சை குத்தலாம், ஆட்டுக்குக் காதில் பச்சை. வாங்கிவந்த உருப்படிக்கும் 14 நாளுக்குள் உங்கள் குறி ஏறியிருக்க வேண்டும். சிப் இதற்கு மாற்று இல்லை. உங்களிடம் குறி இருக்கிறதா என்று நீங்கள் எழுதவே இல்லை, எனக்கு அதுதான் கவலை. ஆட்டுக் காதில் குத்தும்போது உள்பக்கத்தை நன்றாகத் துடைத்து, ரத்தக் குழாயை விலக்கிப் பச்சை குத்தும் இடுக்கியை அழுத்தி, மையைக் கட்டைவிரலால் துளைக்குள் இறங்கும்வரை தேய்த்துவிடுங்கள், அவசரப்பட்டால் கொஞ்ச நாளில் படிக்கவே முடியாமல் மங்கிவிடும்.

சரி, குறி போட்டபிறகு கூடுதல் காவலாக மின்னணு அடையாளம் நல்லதுதான். இறைச்சிக்குப் போகக்கூடிய மாட்டுக்கு ஊசிச் சிப் வேண்டாம், தசைக்குள் நகர்ந்துபோனால் அறுக்கிற இடத்தில் தேடி எடுப்பது பெரும்பாடு. காதில் மாட்டும் சிப் தோட்டைத் திருடன் அறுத்துவிடுவான். எனக்குப் பிடித்தது போலஸ்: கனமான பீங்கான் உருளை, உள்ளே சிப். வாய்வழியாகப் போட்டால் தேன்கூடு போலிருக்கும் இரண்டாம் வயிற்றில் தன் கனத்தாலேயே தங்கிவிடும், மாட்டை அறுக்காமல் எடுக்க முடியாது. பழகிய கையால்தான் போட வேண்டும், மூச்சுக்குழாயில் இறங்கினால் மாடு போய்விடும். இளங்கன்றுக்குக் கூடாது. வாங்கும்போது ஐஎஸ்ஓ 11784 என்ற உலகத் தரமா என்று கேளுங்கள், பழைய 125 கிலோஹெர்ட்ஸ் வகையை எல்லா ரீடரும் படிக்காது. போடுவதற்கு முன் ஒருமுறை, போட்டபின் ஒருமுறை படித்துப் பார்த்து, எண்ணோடு நிறம், கொம்பு, சுழி, தாய்மாடு எல்லாம் ஒரு நோட்டில் எழுதிப் படமும் எடுத்துவையுங்கள். எண் மட்டும் இருந்து நோட்டு இல்லையென்றால் யாரிடம் போய் என்ன சொல்வீர்கள்?

நாய்க்குக் கட்டாயம் போடுங்கள், தோள்பட்டைகளுக்கு நடுவே, கால்நடை மருத்துவரிடம். எண்ணையும் உங்கள் போன் நம்பரையும் பதிவேட்டில் ஏற்றினார்களா என்று கேட்டுவிட்டு வாருங்கள், நம்பர் மாறினால் அங்கேயும் மாற்றுங்கள். நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் வெறிநாய்க்கடி இன்னும் இருக்கிறது, அதே நாளில் தடுப்பூசியையும் முடித்துவிடுங்கள்.

அப்புறம், அந்தக் கிடாரிக்குப் போலீஸில் புகார் கொடுத்து வழக்கு எண் வாங்கினீர்களா? வாங்கவில்லையென்றால் நாளைக் காலையிலேயே போங்கள், பழைய படம் ஏதாவது இருந்தால் கையோடு எடுத்துக்கொண்டு.