கிட்டார் ஆம்ப்புக்கு ஸ்பீக்கர் பெட்டி: பின்பக்கம் திறந்ததா, மூடியதா?

திறந்ததை வாங்குங்கள்.

'ஒரே ஒரு பெட்டி வாங்கத்தான் காசு இருக்கிறது, கடைக்காரர் மூடிய பெட்டிதான் பேஸ் (அடித்தொனி) தரும் என்கிறார், என்ன செய்யலாம்' என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கே, யாரோடு வாசிக்கிறீர்கள் என்று சொல்லவில்லை. வீட்டில் சின்ன அறை, வாரக் கடைசியில் ஏதாவது ஒரு குழுவோடு மேடை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக நீங்கள்தான் ஆள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் மூடிய பெட்டி யாருக்குச் சரி என்பதும் கீழே இருக்கிறது. பாதியில் நிறுத்திவிட்டுச் சண்டைக்கு வர வேண்டாம்.

கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. ஸ்பீக்கரின் கோன் (உள்ளே அதிரும் கூம்பு) முன்னால் வரும்போது முன்பக்கக் காற்று நெருக்கப்படுகிறது, அதே நேரம் பின்பக்கக் காற்று தளர்கிறது. இரண்டு பக்கமும் ஒலி வருகிறது, ஆனால் ஒன்றுக்கொன்று நேர்மாறாக. கிட்டாரின் தடித்த ஈ கம்பி சுமார் 82 ஹெர்ட்ஸ், அந்த ஒலி அலையின் நீளம் 4 மீட்டருக்கும் மேல். பெட்டியோ முக்கால் மீட்டர் அகலம்கூட இருக்காது. அவ்வளவு நீள அலை பெட்டியைச் சுலபமாகச் சுற்றி வந்து முன்பக்க அலையோடு மோதி அதில் கொஞ்சத்தை அழித்துவிடும். திறந்த பெட்டியில் பேஸ் குறைவதற்கு இதுதான் காரணம். பின்பக்கத்தை மூடிவிட்டால் அந்த அலை உள்ளேயே அடைபடுகிறது, உள்ளே இருக்கும் காற்று கோனைப் பிடித்து நிறுத்துகிறது, அடித்தொனி கெட்டியாக, இறுக்கமாக வருகிறது. எல்லாம் சரி. ஆனால் அந்த பேஸ் உங்களுக்கு வேண்டுமா என்று கடைக்காரர் கேட்கவில்லையே, அதுதான் என் பிரச்சனை.

நான் மும்பையில் தமிழ் மெல்லிசைக் குழுக்களில் கிட்டார் வாசிக்கிறேன். சயான் கோலிவாடா, தாராவி, ஆன்டாப் ஹில், செம்பூர் பக்கம் பிள்ளையார் சதுர்த்தி, நவராத்திரி சமயத்தில் நடக்கும் மேடைகள்தான் பெரும்பாலும். எங்கள் மேடையில் தபேலா, டோலக், டிரம்ஸ், எலக்ட்ரானிக் பேட், பேஸ் கிட்டார், கீபோர்டு எல்லாம் இருக்கும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே டோலக்கின் இடது பக்கம், கிக் டிரம், பேஸ் கிட்டார் மூன்றும் ஏற்கெனவே இடம் இல்லாமல் நிற்கின்றன. அங்கே நம் கிட்டாரும் போய் நின்றால் யாருக்கும் எதுவும் கேட்காது. சவுண்ட்காரர் முதலில் செய்யும் வேலையே கிட்டார் சேனலில் அடிப்பகுதியை வெட்டுவதுதான். வெட்டப்போகும் ஒன்றுக்காக யாராவது கூடுதல் காசு கொடுப்பார்களா?

ஒரு சதுர்த்தி சமயம் எங்கள் மாஸ்டர் யாரோ விற்றார்கள் என்று இரண்டு பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் போட்ட மூடிய பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். பார்க்கக் கம்பீரமாக இருந்தது. கோலிவாடா மேடையில் வைத்தோம், டிரம்ஸ் எனக்குப் பின்னால். முதல் பாட்டு முடியும்போதே டிரம்மர் தம்பி, 'அண்ணே, நீங்க எங்க கார்டு மாத்துறீங்கன்னே தெரியல, இன்னும் ஏத்துங்க' என்றான். கார்டு என்றால் பல கம்பிகளைச் சேர்த்து அமுக்கி வாசிக்கும் சுரக்கூட்டு. ஏற்றினால் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் காதைப் பொத்துகிறார்கள், ஏனென்றால் ஸ்பீக்கரின் கூர்மையான உச்சத்தொனி முழுக்க நேராக அவர்கள் முகத்துக்குத்தான் போகிறது. குறைத்தால் பின்னால் இருப்பவனுக்கு வெறும் உறுமல்தான். எங்கள் மாதிரிக் குழுக்களுக்கு மானிட்டர் (மேடையில் இருப்பவர்கள் கேட்க வைக்கும் ஸ்பீக்கர்) என்றால் பாடுகிறவர்கள் முன்னால் இருக்கும் ஒன்றோ இரண்டோதான், டிரம்மருக்கென்று தனியாகக் கிடைக்காது. சவுண்ட்காரர் வேறு கீழே இருந்து கையைக் காட்டுகிறார், டோலக் கிட்டாரோடு கலங்குகிறது என்று.

தலைவர்கள் பேச வந்த இடைவெளியில் ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பின்பலகையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டேன். மாஸ்டருக்கு முகம் மாறிவிட்டது, காசு போட்ட பொருளாச்சே. அடுத்த பாட்டு இளையராஜா பாட்டு, கிட்டாரில்தான் ஆரம்பம். நான் ஆரம்பித்த இடத்திலிருந்தே டிரம்மர் தலையை ஆட்டிக்கொண்டு சரியாக வந்து சேர்ந்தான். மேடையில் இருந்த எல்லோருக்கும் கிட்டார் கேட்டது, ஒலி பின்னாலும் போகிறது அல்லவா. 'வால்யூமை ஏத்தியிருப்பே, அதான் கேட்டுச்சு' என்று ஒருவர் பிறகு சொன்னார். அன்றைக்கு அந்தப் பாட்டில் நான் வால்யூமைக் குறைத்துத்தான் வைத்திருந்தேன். பலகை அதற்குப் பிறகு முழுசாக மூடப்படவே இல்லை. தாராவியில் ஒரு ஆசாரியிடம் கொடுத்து மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை என்று செய்து, நடுவில் இடைவெளி விட்டுப் பொருத்திக்கொண்டோம்.

இதில் இவ்வளவு பிடிவாதமாக நிற்க இன்னொரு காரணமும் இருக்கிறது. இப்போது நிறைய குழுக்களில் கிட்டார் வாசிக்க ஆளையே கூப்பிடுவதில்லை. கீபோர்டில் கிட்டார் சத்தத்தைப் பதிந்து வைத்துக்கொண்டு ஒரு சம்பளத்தில் இரண்டு வேலையையும் முடித்துவிடுகிறார்கள். விரல் கம்பியில் உரசுவதும், கார்டை அமுக்கி விடும்போது வரும் மூச்சும் அதில் வராது, ஆனால் கேட்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது என்று சொல்லிவிடுகிறார்கள். தெரியும். மேடையில் கிட்டார் தெளிவாகக் கேட்டால் கண்டிப்பாகத் தெரியும். உறுமலாகக் கேட்டால் கீபோர்டே போதுமே என்றுதான் தோன்றும். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தம் குறைவுதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, மெட்டல் வாசிப்பவர்கள் இதைப் படித்துக் கோபப்படுவார்கள். உள்ளங்கையால் கம்பியை அமுக்கி அடிக்கும் அந்த 'ஜக் ஜக்' இறுக்கமாக வர வேண்டுமென்றால் மூடிய பெட்டிதான், மார்ஷல் கம்பெனியின் நான்கு ஸ்பீக்கர் பெட்டி மூடியே இருப்பது சும்மா இல்லை. பேஸ் கிட்டாருக்குத் திறந்த பெட்டியை யோசிக்கவே வேண்டாம். அதன் கடைசிக் கம்பி 41 ஹெர்ட்ஸ், திறந்த பெட்டியில் கோன் பிடிப்பில்லாமல் ஆடும், கெட்டுப்போகவும் வாய்ப்புண்டு. அப்புறம், திறந்த பெட்டி ராக்குக்கு ஆகாது என்று யாராவது சொன்னால் குயீன் குழுவின் பிரையன் மே வாசிப்பது வாக்ஸ் ஏசி30 ஆம்ப்பில், அது பின்பக்கம் திறந்தது என்று சொல்லுங்கள். ஃபெண்டர் ட்வின் ரிவர்பும் திறந்ததுதான். ஒத்திகை அறைகளில் நீங்கள் பார்க்கும் ரோலண்ட் ஜாஸ் கோரஸ் 120-ஐத் திருப்பிப் பாருங்கள், அதுவும் திறந்ததுதான்.

சின்ன மூடிய பெட்டியில் ஒரே ஸ்பீக்கர் என்றால் இன்னொரு தொல்லை: உள்ளே இடம் போதாமல் பானைக்குள் பேசுவது மாதிரி கேட்கும். நீங்கள் வாங்கப் பார்ப்பது அந்த அளவுதான் என்று நினைக்கிறேன்.

திறந்ததை வாங்கினால் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். ஒன்றிரண்டு அடி விட்டு வைத்து, முன்னும் பின்னும் நகர்த்திக் கேட்டுப் பாருங்கள், அந்த இடைவெளியிலேயே தொனி எவ்வளவோ மாறும். துணிப் படுதா மட்டும் இருக்கும் திறந்தவெளி மேடையில் பின்னால் போகும் ஒலி திரும்பி வராது. மேடைப் பலகை ஏதாவது மிச்சம் இருந்தால் பின்னால் நிறுத்தி வையுங்கள். மைக்கைப் பெட்டியின் பின்பக்கமும் வைத்தால் அந்தச் சேனலில் ஃபேஸைத் (அலையை நேர்மாறாக்குவதுதான்) திருப்பச் சொல்லுங்கள், இல்லையென்றால் இரண்டு மைக்கும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருக்கும் வால்வ் ஆம்ப்பை மட்டும் பேஸுக்காகப் பலகை அடித்து மூடிவிடாதீர்கள். வால்வின் சூடு வெளியே போக வழி வேண்டும்.

எம்டிஎஃப் (மர நாரை ஒட்டி அழுத்திய பலகை) பெட்டி வேண்டாம். மும்பை மழையில் ஒரு தடவை ஓரம் நனைந்தால் ஊதிவிடும், நல்ல ப்ளைவுட்டாகப் பாருங்கள். எடையையும் கேளுங்கள். மார்ஷலின் அந்த நாலு ஸ்பீக்கர் பெட்டி சுமார் 36 கிலோ, அதை லோக்கல் ரயிலின் லக்கேஜ் டப்பாவில் ஏற்றி, தாதர் பாலத்தில் படியேறி இறக்கிக் கொண்டுபோக ஒரு ஆளால் முடியாது. ஒரு ஸ்பீக்கர் போட்ட திறந்த பெட்டி என்றால் ஒரு கையில் அது, தோளில் கிட்டார், அவ்வளவுதான். கடைக்குப் போகும்போது உங்கள் கிட்டாரையே எடுத்துப் போய், கூட ஒருவரைப் பெட்டிக்குப் பின்னால் நிற்கவைத்து என்ன கேட்கிறது என்று கேளுங்கள்.