ஆர்.சி. வீட்டில் சி.எஸ்.ஐ. மருமகள் சண்டையில்லாமல் வாழ முடியுமா?

ரோமன் கத்தோலிக்க (ஆர்.சி.) வீட்டில் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) என்ற புராட்டஸ்டண்ட் சபைப் பெண் சண்டையில்லாமல் வாழ முடியுமா என்று கேட்டுவிட்டு, “அனுசரித்துப் போனால் என் விசுவாசம் போய்விடுமோ” என்றும் கேட்டிருக்கிறீர்கள். கல்யாணம் நிச்சயமான பெண் என்று நினைக்கிறேன். அந்த ஒரு வரிக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் பாளையங்கோட்டைப் பக்கத்து சி.எஸ்.ஐ. குடும்பம். 1996இல் தூத்துக்குடியில் ஒரு ஆர்.சி. வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டேன். அங்கே தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு ஜெபமாலை, அதாவது மாலையின் மணிகளை ஒவ்வொன்றாக நகர்த்தி மாதாவிடம் ஜெபிப்பது. முதல் வாரமே மாமியாரிடம் சொல்லிவிட்டேன்: “அத்தை, நான் மாதாகிட்ட ஜெபிக்க மாட்டேன். எங்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.” யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அத்தை, “சரி, கூட உட்காரவாவது செய்வியா?” என்றார். உட்கார்ந்தேன்.

அருள் நிறைந்த மரியே சொல்லும்போது வாயை மூடிக்கொண்டிருப்பேன். கர்த்தர் கற்பித்த ஜெபம் வரும் இடத்தில் மட்டும் சேர்ந்துகொள்வேன். அவர்கள் ‘தந்தையே’ என்பார்கள், நான் ‘பிதாவே’ என்பேன். ஆனால் அவர்கள் தீமையிலிருந்து காக்கும்படி கேட்பதோடு முடித்துவிடுவார்கள். எங்களுக்கு அதற்கு மேலும் உண்டு: ராஜ்யமும் வல்லமையும் மகிமையும். முதல் நாள் நான் தனியாக அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாலையின் அடுத்த மணிக்குப் போய்விட்டார்கள். மறுநாள் அத்தை மணியைப் பிடித்த விரலை நகர்த்தவே இல்லை. நான் ஆமென் சொல்லும் வரை காத்திருந்துவிட்டு அப்புறம்தான் தொடங்கினார். 2018இல் இறக்கும் வரை அப்படித்தான்.

வாக்குவாதமே வரவில்லை என்று நினைக்காதீர்கள். மாதாவைப் பற்றி, உத்தரிக்கிற ஸ்தலத்தை (இறந்தவர்கள் மோட்சத்துக்கு முன் தூய்மையாகும் நிலை என்று ஆர்.சி.காரர்கள் நம்புவது) பற்றி மீன் ஆய்ந்துகொண்டே மணிக்கணக்கில் பேசியிருக்கிறோம். கடைசிவரை அவர் மாறவில்லை, நானும் மாறவில்லை. ஆனால் என் முன்னால் என் சபையை அவர் கேலி பேசியதில்லை. பனிமய மாதா கோயில் திருவிழாவுக்கு அத்தைக்குச் சேலை எடுத்துக் கொடுத்ததும் நான்தான். “எல்லாம் ஒன்றுதான் என்கிறாயா” என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. என் மகன் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மையன்று எல்லோரும் நற்கருணை வாங்க எழுந்து போக, நான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மற்ற சபையாருக்குப் பொதுவாக நற்கருணை கிடையாது, அவர்கள் சபைச் சட்டம் அப்படி. வலித்தது, இப்போதும் வலிக்கிறது. வாங்கிவிட்டுத் திரும்பி வந்த அத்தை தன் இடத்துக்குப் போகாமல் என் பக்கத்தில் முழங்கால் போட்டார்.

என் ஞானஸ்நானத்தை ஆர்.சி. சபை ஏற்றுக்கொண்டது. செல்லாது என்று சொன்னது என் சொந்தத் தம்பி. 38 வயதில் பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்து முழுக்கு எடுத்தான். குழந்தையாக இருக்கும்போது தெளித்ததெல்லாம் ஞானஸ்நானமே இல்லை என்று அப்பாவிடமே சொன்னான். அப்பா ஒரு வருஷம் அவனிடம் பேசவில்லை. அவன் ஜெபிக்கிற ஜெபத்தில் பாதிகூட நான் ஜெபிப்பதில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்த வார்த்தை தவறு.

வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா அத்தியட்சர் (பேராயர்) எங்கள் பக்கத்துக்காரர். 1919இல் தரங்கம்பாடியில் அவரும் மற்ற போதகர்களும் கூடி, சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். அது 1947 செப்டம்பர் 27 அன்றுதான் நிறைவேறி, எங்கள் சி.எஸ்.ஐ. சபை பிறந்தது. அதைப் பார்க்காமலே 1945இல் அவர் இறந்துவிட்டார். இத்தனை வருஷம் இழுத்ததற்குப் பெரிய காரணம் பேராயர் விஷயம். இங்கிலாந்துத் திருச்சபை வழியில் வந்த ஆங்கிலிக்கன்காரர்களுக்குப் பேராயர் கைவைத்து அபிஷேகம் செய்தால்தான் ஒருவர் போதகர். சேர வந்த மற்ற இரண்டான தென்னிந்திய ஐக்கிய சபையிலும் மெதடிஸ்ட் சபையிலும் இங்கே அந்த முறையே கிடையாது. கடைசியில், இனிமேல் பேராயர் கையால்தான் அபிஷேகம், ஏற்கெனவே போதகராக இருக்கிறவர்கள் யாரும் மறுபடி அபிஷேகம் பெறத் தேவையில்லை என்று முடிவு செய்தார்கள். உன்னுடையது செல்லாது என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை. இதைத் தம்பிக்கு எத்தனையோ முறை சொல்லிவிட்டேன்.

அப்படிக் கட்டிய சபையில் இன்று நடப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. நான் பிறந்த ஊர்ச் சபையில் போன சபைத் தேர்தலில் இரண்டு அணியாகப் பிரிந்து கோர்ட்டுக்குப் போனார்கள். ஆராதனைக்கு வந்தவர்களைக் கேட்டில் நின்று அணி பார்த்து உள்ளே விட்டார்கள். அத்தனை பேரும் ஒரே பாட்டுப் புத்தகம் வைத்திருக்கிறவர்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள் என்பதைக் கல்யாணத்துக்கு முன்பே நீங்களே மாமியாரிடம் நேரில் சொல்லுங்கள், மாப்பிள்ளை வழியாக வேண்டாம். பிள்ளைகளின் ஞானஸ்நானம் பற்றியும் இப்போதே பேசுங்கள். ஆர்.சி. பக்கத்தவர், பிள்ளைகளைத் தங்கள் சபையில் வளர்க்க முடிந்ததைச் செய்வேன் என்று வாக்குக் கொடுத்தால்தான் கலப்புத் திருமணத்துக்கு அனுமதி கிடைக்கும். எனக்கு அது தாமதமாகத்தான் தெரிந்தது.

இப்போது எங்கள் வீட்டில் ஜெபமாலை சொல்வது என் ஓரகத்தி. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளும் அந்த இடத்தில் மணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.